சாறு ஓடும் சனிக்கிழமை

ஒரே ஒரு ஊராம், அந்த ஊருக்கு ஒரே ஒரு தெருவாம், தெருவுக்கு ஒரு பக்கம் மலையாம், மறுபக்கம் கடலாம். இறங்கிவர இடமில்லாமல் மலையும் ஏறிவர இடமில்லாமல் கடலும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்க, இரண்டுக்கும் நடுவில் மிஞ்சிய இடத்தில் சனங்கள் வீடு கட்டிக்கொண்டார்களாம். நோர்வே நாட்டின் மேற்குக் கரையில் இருக்கிற அந்த ஊரின் பெயரைச் சொன்னால் நாக்குச் சுளுக்கும், அதனால் பெயரை விட்டுவிடுவோம்.

அங்கே மீன் தொழிற்சாலையில் குழாய் ஒட்டுகிற வேலை பார்த்தவன் குகதாசன். ஊர்க்காரருக்கு அவன் வெறும் தாசன். நெற்றியில் திருநீறு, தேத்தண்ணியைவிடக் கடுமையான எதையும் தொடாத வாய், பக்கத்தில் நிற்பவருக்கே பாதிதான் கேட்கிற குரல். அப்படிப்பட்டவன் பியர் வடிக்கப் போனதும், அவன் வடித்த நாளில் அந்த ஊரில் அடைபட்டுக் கிடந்ததெல்லாம் திறந்துகொண்டதும் இப்படித்தான்.

தாசனின் வீட்டுக்கு மேலே, சரிவில் இருந்த பண்ணை தூர்ஸ்டைனுடையது. அவர் எழுபது தாண்டிய செம்மறிக்காரர். மனைவி பெயர் மாரித். அந்தப் பக்கத்துப் பண்ணைகளில் வீட்டுக்கு வீடு ஒரு வடிகுடில் உண்டு, வீட்டில் வடித்த பியர் இல்லாமல் நத்தார், அதுதான் கிறிஸ்துமஸ், வராது. முளைகட்டிக் காயவைத்த பார்லியை, மால்ட் என்பார்கள், உடைத்து, பெரிய மரத்தொட்டியில் சுடுதண்ணீரோடு ஊறவைப்பார்கள். தொட்டியின் அடியில் ஜூனிபர் மரத்தின் கிளைகளைப் பரப்பியிருப்பார்கள், சக்கை அதில் தங்கிவிட, இனிப்பான செங்கபிலச் சாறு மட்டும் கீழ்க்குழாயால் ஓடிவரும். அந்தச் சாற்றை ஆறவிட்டு ஈஸ்ட் போட்டால் பியர். ஈஸ்டைப் போடுகிறபோது போடுகிறவர் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து மலைக்குக் கேட்கக் கூப்பாடு போடவேண்டும். போடாவிட்டால் பியர் கோப்பை கழுவின தண்ணீர் மாதிரி இருக்கும் என்பது அவர்களின் நம்பிக்கை. தூர்ஸ்டைன் கூப்பாடு போட்டால் எதிர்க்கரையில் நாய்கள் எழும்பி நிற்கும்.

அவர் தன் குடிலுக்குள் ஒருவரையும் விடமாட்டார். தொட்டியின் இரும்பு வளையத்தை ஒட்டிக் கொடுத்த நாளிலிருந்து தாசனை மட்டும் விட்டார், அதுவும் வாசலோடு. தாசன் வாசற்படியில் இருப்பான், அவர் உள்ளே வேலை செய்வார், பொழுது சாயும்வரைக்கும் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள், பிறகு "நல்லது" என்று சொல்லிப் பிரிவார்கள். அதுதான் அவர்களின் சிநேகம்.

ஒரு நத்தாருக்கு முன்னால், தூர்ஸ்டைன் ஈஸ்ட் கிண்ணத்தைத் தூக்கினார், மூச்சை இழுத்தார், வாயைத் திறந்தார், அப்படியே நின்றுவிட்டார். கிண்ணம் விழுந்த சத்தம்தான் கேட்டது. தலைக்குள் நரம்பு வெடித்தது என்றார்கள். படகில் ஏற்றி எதிர்க்கரைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பேச்சில்லை, அசைவில்லை. ஆனால் கூப்பாட்டுக்குத் திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.

பனி உருகத் தொடங்கிய நேரம் மாரித் தாசனின் வீட்டுக் கதவைத் தட்டினாள். அந்த ஊர்ப் பேச்சில் நீ மட்டும்தான் உண்டு, நீங்கள் இல்லை.

"தாசன், வாங்கின மால்ட் அப்பிடியே கிடக்குது. வண்டு விழமுந்தி நீ வடிச்சுவிடு."

"எனக்குத் தெரியாதே, மாரித். நான் வாசல்லதானே இருந்தனான்."

"வாசல்ல இருந்தவன் நீ ஒருத்தன்தான்."

தாசன் மேலே ஏறிப்போனான். மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். மால்டை இரண்டாகப் பிளக்கிற மாதிரி உடைத்தாலே போதும், ஆனால் அதை யார் அவனுக்குச் சொன்னது? அரைப்பது என்றால் அவனுக்குத் தெரிந்தது புட்டுமாப் பதம்தான். மனைவி யோகமலரின் மெஷினில் போட்டு அரைஅரையென்று அரைத்தான். யோகமலரும் இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்து, "நல்ல பதம், பட்டு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டாள். தொட்டியில் போட்டுச் சுடுதண்ணீர் ஊற்றினால் அது சிமெந்து மாதிரி இறுகிக்கொண்டது. குழாயைத் திறந்தான். ஒரு துளி இல்லை. தட்டினான், குத்தினான், முருகா என்றான். துளியில்லை.

எட்டிப் பார்க்க வந்த கடாட்சம் அண்ணை, மீன் தொழிற்சாலையில் தாசனோடு வேலை செய்கிறவர், அகப்பையால் கொஞ்சம் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்: "தம்பி, உதுக்குள்ள கொஞ்சம் கசுக்கொட்டையும் பிளம்சும் போட்டியெண்டா அருமையான சக்கரைப் புக்கை. உதைக் குடிக்கேலாது, பொங்கலெண்டு படைக்கலாம்."

தாசன் வெட்கத்தோடு வீட்டுக்கு வந்தான். அடுப்படியில் யோகமலர் புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். பனையோலையில் இழைத்த கூம்பு, அதற்குப் பெயர் நீத்துப்பெட்டி. அதற்குள் மா, கீழே கொதிக்கிற பானை. அவன் நின்று பார்த்தான். அதே பட்டுமா. ஆனால் ஆவி அதன் ஊடாக ஏறுகிறது, ஒரு பொட்டு மாவும் கீழே விழவில்லை.

தொழிற்சாலையில் குளிர் அறை உடைத்தபோது கழித்துப்போட்ட செப்புக் குழாய் அவனிடம் இருந்தது. அதைத் தொட்டியின் அடிக்கு அளவாக வளையமாக வளைத்தான், அடிப்பக்கம் மட்டும் இரும்பறுக்கிற வாளால் நெருக்கநெருக்கமாகக் கீறல் போட்டான், நாலு புறமிருந்தும் வருகிற சாறு நடுவில் கூடும்படி ஒட்டினான். நடுவில் கூடின இடத்தின் மேல் நீத்துப்பெட்டியைக் கவிழ்த்துவைத்துக் கம்பியால் கட்டினான். பிறகு பழைய குளியல் குழாய் ஒன்றில் ஊசித்துளைகள் போட்டு, தொட்டிக்கு மேலே குறுக்காக வைத்தான். கீழே சாறு போகப்போக மேலே சுடுதண்ணீர் தூறலாக விழவேண்டும், மா இறுகக்கூடாது என்பது அவன் எண்ணம்.

"என்ர நீத்துப்பெட்டி எங்க?" என்றாள் யோகமலர்.

"கொஞ்சம் தேவைப்பட்டுது."

"என்னத்துக்கு?"

அவன் சொன்னது அவளுக்குப் பாதிதான் கேட்டது. பாதியே போதுமாயிருந்தது. "அம்மா தாயே! நான் ஊரிலயிருந்து மடியில வைச்சுக் கொண்டுவந்த பெட்டி. விரதச் சாப்பாடு அவிக்கிற பெட்டி. அதில கள்ளு வடிக்கிறியளோ? நெத்தியில மூண்டு குறி வேற!"

தாசன் மேலே ஏறிப்போய், வாளிகளில் அள்ளிவைத்திருந்த மாவைச் சுடுதண்ணீரோடு தொட்டியில் திரும்பக் கொட்டிக் கலக்கி, குழாயைத் திறந்தான். முதலில் கலங்கல் வந்தது. பிறகு தேன் நிறத்தில், நூல் பிடித்த மாதிரி, தெளிந்த சாறு ஓடியது.

அந்த நேரத்தில்தான், ஊதிப்போய் எவராலும் முழுதாகச் சாத்தமுடியாமல் பாதியில் இறுகி நின்ற குடிலின் கதவு தானாக அசைந்தது. மாரித்தின் வீங்கிய விரலில் ஏறி இறங்க மறுத்த மோதிரம் கழன்று பால்வாளிக்குள் விழுந்தது. தெரு முனையில் சேற்றில் புதைந்திருந்த பேட்டரின் பஸ் ஒருவரும் தள்ளாமல் வெளியே வந்தது. தேவாலயத்து ஓர்கனில் ஊமையாய்க் கிடந்த கட்டை ஒன்று பாடியது. வருசக்கணக்காகத் தும்மல் மூக்குவரை வந்துவிட்டுத் திரும்பிப்போகிற நோய் கொண்ட பாதிரியார், அவ்வளவையும் சேர்த்துத் தும்மினார். வேலித் தகராறில் பேச்சை விட்ட அண்ணன் தம்பி இருவர், ஒரே நேரத்தில் கதவைத் திறந்து ஒரே நேரத்தில் "மழை வரும்போல" என்றார்கள். சாறு நின்றதும் எல்லாம் நின்றது. கழன்றது கழன்றதுதான், கழலாதது அடுத்த முறைக்குக் காத்திருந்தது.

ஊர் இதைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை. அங்கே கோடையில் சூரியன் மறைய மனமில்லாமல் நடுச்சாமம்வரை வெளிச்சத்தை விட்டுவைக்கும், மாரிக் குளிரில் வந்தவுடனேயே போய்விடும், அதையே பொறுத்துக்கொண்ட சனங்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை, அடுத்தது எப்போது என்றுதான் கேட்டார்கள். சனிக்கிழமைகளில் வடிக்கலாம் என்றான் தாசன். கூப்பாடு இல்லாமல் ஈஸ்ட் போட்ட பியர் கோப்பை கழுவின தண்ணீர் மாதிரித்தான் வந்தது, அதை ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை. கடைக் கதவில் "இந்தச் சனி சாறு ஓடும்" என்று அறிவித்தல் தொங்கியது. திறக்காத ஜாம் போத்தல்கள், துருப்பிடித்த நட்டுகள், சிக்குவிழுந்த வலைகள், இறுகிய உடுப்புச் சிப்புகள், 'ர' வராத குழந்தைகள் என்று சனம் குடிலின் முன்னால் வரிசையில் நின்றது. சாற்றின் வாசம் போகிற தூரம்தான் அதன் எல்லை என்பதையும் கண்டுகொண்டார்கள். அதனால் மனதில் ரகசியம் வைத்திருப்பவர்கள் சனிக்கிழமை காலையே படகேறி எதிர்க்கரைக்குப் போய்விடுவார்கள். படகில் யார்யார் போகிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பது மற்றவர்களுக்குப் பொழுதுபோக்காக இருந்தது.

"நீங்கள் ஏன் அண்ணை ஒவ்வொரு சனியும் படகில போறியள்?" என்று யோகமலர் கேட்டாள்.

"மலிஞ்ச விலையில கோழி, பிள்ளை" என்றார் கடாட்சம், கோழியில்லாத பையை ஆட்டிக்கொண்டு.

யோகமலரும் நீத்துப்பெட்டியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். புட்டைத் துணியில் கட்டி அவிக்கப் பழகிக்கொண்டாள். "உங்கட தீர்த்தம் எப்பிடி ஓடுது?" என்று மட்டும் கேட்பாள்.

கோடை முடிகிற ஒரு சனிக்கிழமை, பஸ்காரன் பேட்டரின் கிழட்டு நாய், மாதக்கணக்காய்ப் பாயைவிட்டு எழும்பாமல் இழுத்துக்கொண்டு கிடந்தது, சாறு ஓடத் தொடங்கியதும் வாலை ஒருதரம் ஆட்டி, நீளமாய் ஒரு மூச்சை விட்டு, அதோடு போய்விட்டது. பேட்டர் அழுதான், பிறகு தாசனின் கையைப் பிடித்து நன்றி சொன்னான். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற மாரித் திரும்பி உள்ளே போனாள்.

இலை உதிர்ந்தபோது ஆஸ்பத்திரிக்காரர்கள், இனி எங்களால் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். படகில் படுத்தபடி தூர்ஸ்டைன் வந்து இறங்கினார், திறந்த வாயோடு. ஊர் முழுக்கத் துறைமுகத்தில் நின்றது. "சனிக்கிழமை, சனிக்கிழமை" என்று ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். பேச்சுத்தானே அடைத்திருக்கிறது?

அன்றைக்கே மாரித் தாசனிடம் வந்தாள்.

"வடிக்காத" என்றாள்.

அவன் பார்த்தான்.

"அவருக்குள்ள அடைச்சு நிக்கிறது பேச்சோ, உயிரோ? உனக்குத் தெரியுமா? நீ குழாயைத் திறந்தா எது வரும்?"

அவனுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து அதை யோகமலரிடம் சொன்னான். அவள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "எங்கட ஆக்கள் இழுத்துக்கொண்டு கிடந்தா, ஆசைப்பட்டதைக் கரைச்சுப் பாலோட பருக்குவினம், நிம்மதியாப் போகட்டும் எண்டு. ஆனா அது அந்த மனுசி எடுக்கவேண்டிய முடிவு. நீங்கள் வாயைத் திறக்காதேங்கோ. சும்மாவும் திறக்கமாட்டியள்."

தாசன் வடிக்கவில்லை. ஊர் மெல்லமெல்ல மறுபடி அடைத்துக்கொண்டது. போத்தல்கள் இறுகின, வலைகள் சிக்கின, அண்ணனும் தம்பியும் மழையைப் பற்றிக்கூடப் பேசாமல் இருந்தார்கள், பாதிரியார் மூக்கைப் பிடித்துக்கொண்டே பிரசங்கம் செய்தார். ஆனால் ஒருவரும் தாசனிடம் போய் வடி என்று சொல்லவில்லை. தெருவில் அவனைக் கண்டால் திறக்காத போத்தலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள். அவன் மாத்திரம் பொழுதுபட முன்னால் மேலே ஏறிப்போய், தூர்ஸ்டைனின் கட்டிலருகே வழக்கம்போல் பேசாமல் இருந்துவிட்டு, "நல்லது" என்று சொல்லி இறங்கிவருவான். அவரின் கண் மட்டும் அசையும். சன்னலால் குடிலைப் பார்க்கும், தாசனைப் பார்க்கும், குடிலைப் பார்க்கும்.

நத்தார் நெருங்கியபோது மாரித் ஒரு மூட்டை மால்டைத் தன் முதுகிலேயே சுமந்து குடில் வாசலில் கொண்டுவந்து போட்டாள்.

"ஒரு வருசமா அவருடைய வாய் அந்தக் கூப்பாட்டிலயே நிக்குது, தாசன். ஊட்டும்போதெல்லாம் பார்க்கிறன். போட்டு முடிக்கட்டும்." பிறகு சொன்னாள்: "ஆனா மெதுவா. உன்னால எவ்வளவு மெதுவா முடியுமோ, அவ்வளவு."

வேகமாக ஓடவைக்க வளைத்தும் கீறியும் ஒட்டியும் பாடுபட்டவன், அன்றைக்கு இருந்து அதை மெதுவாக ஓடவைக்கப் பாடுபட்டான். குழாயின் வாயில் மெல்லிய செப்புத் தண்டு ஒன்றை ஒட்டி, ஊசி நுழையும் அளவுக்கு நசுக்கினான். கீழே விழுகிற அளவுதான் மேலே தூறவேண்டும் என்று தூறல் குழாயின் துளைகளில் பாதியை அடைத்தான்.

சனிக்கிழமை காலை தூர்ஸ்டைனைக் கட்டிலோடு தூக்கிவந்து குடிலுக்குள், தொட்டியின் சூடு படுகிற பக்கம் வைத்தார்கள். மாரித் அவர் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தாசன் குழாயின் முன்னால் குந்தினான். கையைக் குழாயில் வைத்தான். இந்தக் கையால்தான் திறக்கவேண்டும், இந்தக் கையால்தான் அவரை அனுப்புவதென்றாலும். திறந்தான்.

சாறு நூலாய் இறங்கியது.

முதலில் வந்தது கூப்பாடு. ஒரு வருசம் தொண்டையில் நின்ற கூப்பாடு குடிலின் கூரையை ஒருதரம் தூக்கி வைத்துவிட்டு, தெருவைக் கடந்து, கடலைக் கடந்து போனது. எதிர்க்கரையில் நாய்கள் எழும்பின. அது முடிந்ததும் தூர்ஸ்டைன் இருமினார். பிறகு, "மாரித், கறுத்த செம்மறிக்குக் கால் சுகமோ?" என்றார்.

"போன பங்குனியிலயே சுகமாயிட்டுது, மடையா" என்றாள் மாரித், அழுதுகொண்டு.

அவர்கள் பேசினார்கள். கூரையில் ஓட்டை, கோடாலி வைத்த இடம், சீட்டு விளையாட்டில் இவ்வளவு காலம் அவளை வெல்லவிட்டது தான்தான் என்று அவர் சொல்ல, அவர் விட்டுக்கொடுத்தது அப்போதே தனக்குத் தெரியும் என்று அவள் சொல்ல, சாறு ஓடியது. சாறு ஓடும்வரைக்கும் அவர் பேசுவார் என்பது வெளியே நின்றவர்களுக்கு விளங்கியது. மால்டோ ஒரு மூட்டைதான். அண்ணனும் தம்பியும்தான் முதலில் ஓடினார்கள். குதிரைக்கு வைத்திருந்த பார்லி வந்தது. ஆட்டுக்கு வைத்திருந்த ஓட்ஸ் வந்தது, அதன் உமி சாற்றுக்கு நல்ல வழி விட்டது. வீட்டுக்கு வீடு வடிக்க வைத்திருந்த நத்தார் மால்ட் வந்தது. பாதிரியார் தும்மித் தும்மி ஒரு வாளி கொண்டுவந்தார். கைமாறிக் கைமாறி வாசல்வரை வந்ததை யோகமலர் வாங்கி, உடைத்து, தொட்டியில் கொட்டிக் கலக்கினாள். புட்டுமாப் பதத்துக்கு அல்ல. அன்றைக்குக் கடாட்சம் அண்ணை படகேறவில்லை. மூட்டை சுமந்தபடி, தான் அப்பக்கம் போவது சூதாடத்தான் என்று கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மாரித்," என்றார் தூர்ஸ்டைன், "உன்னை முதல்முதல் தேவாலய வாசல்ல கண்ட அண்டைக்கு, நீ"

நின்றுவிட்டது.

தாசன் குழாயைப் பார்த்தான். துளியில்லை. பின்னால் மாரித் மூச்சுவிடுகிற சத்தமும் இல்லை. திரும்பிப் பார்க்கப் பயந்து, குழாய்வாயில் தன் வாயை வைத்து, நெஞ்சில் இருந்த காற்றையெல்லாம் சேர்த்து ஊதினான். தொட்டிக்குள் அடியில் எங்கோ புளுக்கென்று ஒரு குமிழி. இன்னொருதரம் ஊதினான். அந்தச் சாற்றின் இனிப்பு வாழ்நாளில் முதல்தடவையாக அவன் நாக்கில் பட்டது. நூல் மறுபடி இறங்கியது.

"சப்பாத்தைக் கால் மாறிப் போட்டிருந்தாய்" என்று முடித்தார் தூர்ஸ்டைன்.

"அதை ஏன் இவ்வளவு காலம் சொல்லேல்ல?"

"சொன்னா நீ கழட்டி மாத்திப்போட்டிருப்பாய்."

வெளியே யாரோ சிரித்தார்கள், யாரோ அவரை அடக்கினார்கள்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது சாறு வெளுத்துப்போயிற்று, தூர்ஸ்டைனின் குரலும் வெளுத்துப்போயிற்று. தாசன் அன்றைக்கு முதல்தடவையாகத் திரும்பி, எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னான்: "கடையில ஓட்ஸ் இருக்குதாம், மாரித். கடாட்சம் அண்ணை போயிருக்கிறார். நாளைக்கும் ஓட்டலாம். நாளையிண்டைக்கும் ஓட்டலாம்."

தூர்ஸ்டைன் கையை நீட்டினார். தாசன் ஒரு அகப்பைச் சாற்றைப் பிடித்து அவர் உதட்டில் வைத்தான். அவர் நாக்கைச் சப்புக்கொட்டி, முகத்தைச் சுளித்தார்.

"இதை ஆட்டுக்கும் வைக்காத. இனி வாறது பியரைக் கெடுக்கும். நிப்பாட்டு."

தாசனின் கை குழாய்க்குப் போகவில்லை. வாசலில் மூட்டையோடு நின்ற சனம் அசையவில்லை. மாரித் தூர்ஸ்டைனைப் பார்த்தாள், நெடுநேரம் பார்த்தாள், பிறகு எழும்பி வந்து, தாசனின் தோளில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, குழாயை மூடினாள். நுனியில் ஒரு துளி தொங்கி நின்றது. விழுந்தது. ஒரு வருசம் திறந்து கிடந்த வாய் மூடியிருந்தது. அவர் நித்திரைபோல்தான் இருந்தார், மூச்சு மட்டும் இல்லை.

ஈஸ்ட் காத்திருக்காது. வாளிகளைப் பனிக்குள் புதைத்துச் சாற்றை ஆறவைத்திருந்தார்கள், ஊரிலுள்ள அத்தனை தானியமும் கலந்த சாறு. மாரித் தானே கிண்ணத்தைத் தூக்கி ஊற்றினாள். யார் கூப்பாடு போடுவது? எல்லாரும் தாசனைப் பார்த்தார்கள். அவன் மூச்சை இழுத்து, தன்னிடம் இருந்த குரலால் போட்டான். அது வாசலைத் தாண்டியிருக்காது. ஆனால் அவன் வாயை மூடியபிறகும் கூப்பாடு கேட்டது. காலையில் போன தூர்ஸ்டைனின் குரல், மலைமலையாய்ச் சுற்றிவிட்டு, இப்போதுதான் கடல்வழியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. வாளிக்குள் நுரை எழும்பியது.

சனம் வெறும் சாக்குகளை மடித்துக்கொண்டு இறங்கத் தொடங்கியது. அண்ணனும் தம்பியும் ஒரே பாதையால் போனார்கள். பேட்டர் தொப்பியைக் கழற்றிவிட்டுப் போனான். பாதிரியார் உள்ளே வந்து மாரித்தின் அருகே கொஞ்சநேரம் இருந்துவிட்டுப் போனார். கடாட்சம் அண்ணை வாங்கிவந்த ஓட்ஸை வாசலில் வைத்துவிட்டு, பகிடி ஒன்றும் விடாமல் போனார். யோகமலர் மாரித்தைக் கட்டிப்பிடித்துவிட்டு வெளியே வந்து, "பெட்டி அங்கயே கிடக்கட்டும். நான் முன்னுக்குப் போய் அடுப்பைப் பத்தவைக்கிறன், நீங்கள் ஆறுதலா வாங்கோ" என்றாள்.

தாசன் வழக்கமாக இருக்கிற வாசற்படியில் கொஞ்சநேரம் இருந்தான். உள்ளே இருவரும் ஒன்றும் பேசவில்லை. அவனும் பேசவில்லை. பிறகு எழும்பி, "நல்லது" என்றான். ஒருகாலத்தில் எவராலும் முழுதாகச் சாத்தமுடியாத அந்தக் கதவை ஒற்றை விரலால் இழுத்தான். சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. பனியில் தன் மனைவி வைத்துப்போன காலடிகளைப் பார்த்துப் பார்த்து, அவனும் இறங்கிப் போனான்.